ஏழரை எச்.பி. பனிக்கட்டி

நவம்பர் 18, கோயம்புத்தூர்

இன்று முதல் நான் ஒரு தொழில்முறை பனி ஹாக்கி அணியின் தலைமை நிர்வாக அதிகாரி. காலையில் ஆபீசுக்குள் நுழையும்போது பொன்னூத்து பம்ப்ஸ் நிறுவனத்தின் ராய்ப்பூர் கிளை விற்பனை அதிகாரியாகத்தான் நுழைந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு காபி மட்டும் குடித்தேன்.

முதலாளி வெள்ளிங்கிரி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். அவர் கதவைச் சாத்தினால் யாருக்கோ சீட்டு கிழிகிறது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

"ஏனுங்க கோமதிநாயகம், உங்களுக்குச் சொந்த ஊரு கோயில்பட்டிதானுங்களே?"

"ஆமா சார்."

"அங்க வீட்டுக்கு ஒருத்தரு ஹாக்கி ஆடுவாங்கன்னு சொல்றாங்க. நீங்க?"

"ஸ்கூல்ல ஆடியிருக்கேன் சார். லெப்ட் அவுட்."

"அது போதுமுங்க."

விஷயம் இதுதான். போன மாதம் பம்ப் டீலர்கள் கூட்டத்துக்காக டில்லி போன முதலாளி, ஓட்டலில் பக்கத்து ஹாலில் டிபன் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு உள்ளே போயிருக்கிறார். அங்கே ஏதோ லீக்குக்கு அணிகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் ஹாக்கி மட்டையைப் பார்த்ததும், நம் பம்ப்புக்கு நல்ல விளம்பரம் என்று கையைத் தூக்கிவிட்டார். போட்டிக்கு ஒருவரும் வரவில்லை. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு பக்கத்து நாற்காலிக்காரர் கைகுலுக்கி, லடாக் எப்போது போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

"இது ஐசு மேல ஆடற ஹாக்கியாமுங்க. அஞ்சு வருசத்துக்கு ஒப்பந்தம் போட்டாச்சு. ஆனா ஒண்ணுங்க, நாம தெரியாம வாங்கலைங்க. வேணும்னேதான் வாங்கினோம். புரிஞ்சுதுங்களா?"

புரிந்தது. அதற்கு அடுத்துச் சொன்னது இன்னும் நன்றாகப் புரிந்தது. ஒரே ஒரு சீசன் நான் போய் நடத்திக் கொடுத்தால், தென்மண்டல மேனேஜர் பதவி எனக்கு. ஆபீஸ் கோயில்பட்டியிலேயே. கல்யாணமான நாளிலிருந்து ஹூப்ளி, நாக்பூர், ராய்ப்பூர் என்று ஊர் ஊராகப் பம்ப் விற்றுக்கொண்டு, மனைவியையும் மகளையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். கோயில்பட்டி என்றால் நிலாவுக்குக்கூடப் போய் வருவேன்.

நவம்பர் 24, லே

மூச்சு வாங்குகிறது. விமானத்திலிருந்து இறங்கி இருபதடி நடந்ததும் தலை சுற்றியது. உயரமான ஊர், இரண்டு நாள் படுத்தே இருக்க வேண்டும் என்று ஓட்டல்காரர் சொல்லிவிட்டார். தலைமை நிர்வாகம் இப்போதைக்குக் கட்டிலிலிருந்து நடக்கிறது.

நவம்பர் 27

இன்று அணியைப் பார்த்தேன். பயிற்சியாளர் பத்மா என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், பெண்மணி ஆயிற்றே என்று முகச்சவரம் செய்துகொண்டு போனேன். ஆறடி உயரத்தில் தாடி மீசையோடு ஒருவர் வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, "வணக்கம் தலைவரே" என்றார். இந்த ஊரில் ஆணுக்கும் அந்தப் பெயர் உண்டாம். ராணுவத்தில் இருந்தபோது மூன்று வருடம் நீலகிரி வெலிங்டனில் இருந்தாராம். டீக்கடைத் தமிழ் நன்றாக வருகிறது.

அணியில் எல்லோரும் வேறு வேலை பார்ப்பவர்கள். கோல்கீப்பர் ஜிக்மெத், கோடையில் சுற்றுலா டாக்ஸி ஓட்டுகிறார், இரண்டு குழந்தைகளின் தகப்பன். பந்துக்குப் பதிலாக ஒரு கறுப்பு ரப்பர் வட்டைக் கொடுத்தார்கள். நடுவில் ஓட்டை போட மறந்த பம்ப் வாஷர் மாதிரி இருந்தது. இதைத்தான் 'பக்' என்கிறார்கள். மைதானம் எங்கே என்று கேட்டேன். பத்மா ஒரு பொட்டல் வெளியைக் காட்டினார்.

"ஐஸ் எங்கே?"

"இனிமேதான் போடணும் தலைவரே."

மாலையில் மனைவி செண்பகத்திடம் போனில் பேசினேன். பத்மா நன்றாகத் தமிழ் பேசுகிறது, பத்மாதான் எனக்குக் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தது, பத்மா இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது என்றெல்லாம் சொன்னேன். செண்பகம் சுரத்தில்லாமல் "உம்" கொட்டினாள். சிக்னல் சரியில்லை போலிருக்கிறது.

நவம்பர் 29

சிக்னல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

"அந்தப் பத்மாவுக்கு என்ன வயசு இருக்கும்?"

"நாப்பத்தஞ்சு இருக்கும்."

"கல்யாணம் ஆயிட்டா?"

"கேக்கல."

"ஊர்ல உள்ளது பூரா கேப்பீய. இத மட்டும் கேக்கலையாக்கும்."

வீடியோவில் பத்மாவைக் காட்டிய பிறகுதான் அடங்கினாள். பத்மா தாடியைத் தடவிக்கொண்டு "வணக்கம் அண்ணி" என்றார். எட்டாவது படிக்கும் என் மகள் மதுவந்தி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

டிசம்பர் 1

குளித்தேன்.

டிசம்பர் 5

பிரச்சினை. பனித்தளம் போடுவது எப்படி என்று பத்மா விளக்கினார். பொழுது சாய்ந்ததும் தரையில் மெல்லத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அது உறைய வேண்டும். பிறகு அதன்மேல் இன்னொரு தெளிப்பு. தோசைக்கு மாவை மெல்லிசாகத் தேய்க்கிற வேலைதான், ஒன்றன்மேல் ஒன்றாக. டிசம்பர் முடிவதற்குள் கெட்டியாகிவிடும் என்றார்.

முதலாளி போனில் இதைக் கேட்டுத் துள்ளிவிட்டார்.

"டிசம்பர் கடைசிங்களா? பதினாறாம் தேதி மார்கழி பொறக்குதுங்க. மார்கழில யாராச்சும் கடை தொறப்பாங்களா? பன்னண்டாம் தேதி கார்த்திகைக் கடைசி முகூர்த்தம். அன்னைக்கு நான் வாரேன். பூசை போட்டுத் தொறந்தரோணும்."

அதற்குள் ஐஸ் ஆகாது சார் என்றேன்.

"தண்ணி தானுங்களே வேணும்? நாம யாருங்க? நம்ம ஏழரை எச்.பி. பம்ப்பு ஒண்ணு லாரில வந்துட்டே இருக்குது. அதுலயே இறைங்க. போட்டோவும் எடுத்துருவோம்."

பத்மாவிடம் சொன்னேன். "தண்ணி கொஞ்சம் போதும் தலைவரே. பொறுமைதான் நிறைய வேணும்" என்றார். மனிதர் சொல்வது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் தென்மண்டல மேனேஜர் ஆகப்போகிறவன் முதலாளியிடம் பனிக்கட்டி பாடம் நடத்தக் கூடாது.

டிசம்பர் 8

பம்ப் வந்து இறங்கியது. ஓடையில் குழாயைப் போட்டு ஓட்டினேன். நம் பம்ப் நம் பம்ப்தான். ஆட்டக்காரர்கள் வாளி வாளியாகச் சுமந்த தண்ணீரைப் பதினைந்து நிமிடத்தில் தூக்கி எறிந்துவிட்டது. மைதானம் கரை ததும்பி நின்றது, நம்மூர்க் கண்மாய் மாதிரி. ஜிக்மெத் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும்.

டிசம்பர் 11

மேலே கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது. முகம் பார்த்துத் தலை சீவலாம். பத்மா கரையிலேயே நிற்கிறார்.

"உள்ள வாங்க பத்மா."

"நான் வர மாட்டேன் தலைவரே. எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு."

பொறாமை.

டிசம்பர் 12

முதலாளி நேற்றே வந்துவிட்டார். கையோடு ஒரு திருஷ்டிப் பூசணிக்காய். கோயம்புத்தூரிலிருந்து பெட்டிக்குள் வைத்து, துணி சுற்றி, அது இரண்டு விமானம் ஏறி வந்திருக்கிறது. ஓட்டலில் அறைக்குள் இடமில்லை என்று பால்கனியில் வைத்திருந்தார்.

காலையில் கம்பளிக் கால்சட்டைக்கு மேல் பட்டு வேட்டி கட்டி, சந்தனம் வைத்து, மைதானத்தின் நடுவுக்கு நடந்தார். நான் பின்னால் தாம்பாளத்தோடு போனேன். மேளத்துக்கு ஆளில்லாததால் பக்கத்து மடத்திலிருந்து நீளக் கொம்பு ஊதினார்கள். ஊரே மேட்டில் நின்று பார்த்தது. முதலாளி பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, தலைக்கு மேல் தூக்கிப் போட்டு உடைத்தார்.

பூசணிக்காய் உடையவில்லை. பால்கனியில் இரவெல்லாம் கிடந்து அது அம்மிக் கல்லாக இறுகியிருந்தது. உடைந்தது ஐஸ்.

படீரென்று ஒரு சத்தம். பூசணிக்காய் உள்ளே போனது. அதைத் தொடர்ந்து முதலாளி உள்ளே போனார். அடியில் இருந்த தண்ணீரெல்லாம் மண் குடித்துவிட்டதாம். மேலே மூடி மட்டும் நின்றிருக்கிறது. முதலாளி முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, "யாரும் ஓடாதீங்க, வேணும்னேதான் எறங்கினேன்" என்று சொன்னதாகச் சிலர் சொல்கிறார்கள். என் காதில் விழவில்லை. நான் அப்போது தாம்பாளத்தோடு குப்புறக் கிடந்தேன்.

ஜிக்மெத்தும் இன்னும் நாலு பேரும் பனியில் தவழ்ந்து வந்து, ஹாக்கி மட்டையை நீட்டி எங்களை வெளியே இழுத்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டிசம்பர் 13

முதலாளி காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு முடிவைச் சொன்னார்.

"இது நமக்கு ஒத்து வராதுங்க. டில்லில ஒரு சிமெண்ட் கம்பெனிக்காரரு கேக்கறாரு. டீமு பைனல் வரைக்கும் வந்தா வாங்கிக்கறாராம், இல்லீன்னா வேண்டாங்கறாரு. நீங்க எப்படியாச்சும் பைனலுக்குக் கொண்டு வந்து, அவருகிட்டப் பேசி வித்துக் குடுத்துருங்க. மறுநாளே உங்களுக்குக் கோயில்பட்டி ஆர்டரு."

சிமெண்ட்காரர் வாங்கினால் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இறக்குவாராம். இந்த ஆட்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். அதை அவர் பார்த்துக்கொள்வார் என்றார். சரி, எனக்கென்ன வந்தது? பத்மாவிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 22

உடைந்த ஐசைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுகிறோம், பத்மா சொன்ன வழியில். ஆட்கள் போதவில்லை என்று நானும் குழாயைப் பிடிக்கிறேன். குழாய் வாயில் ஒரு பூவாளி மூடியைக் கட்டியது என் யோசனை. தண்ணீர் மழை மாதிரி விழுகிறது. தெளிக்கும்போது நின்றுவிடக் கூடாது, நின்றால் மேடு தட்டிவிடும். நடந்துகொண்டே இருக்க வேண்டும். கை விறைத்துப் போகிறது. ஜிக்மெத் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். கோல்கீப்பர் கையுறை, உள்ளே ஒரு குடித்தனமே இருக்கலாம்.

மேற்பார்வைக்காகத்தான் போகிறேன். தினமும் போக வேண்டிய அவசியமில்லை. இருந்தாலும் போகிறேன்.

ஜனவரி 3

முதல் ஆட்டம். ஏழுக்கு ஒன்று. ஏழு அவர்களுக்கு. ஐஸ் உடையவில்லை என்பதை என் சாதனையாக முதலாளிக்குத் தெரிவித்தேன்.

ஜனவரி 6

செண்பகம் அனுப்பிய கடலை மிட்டாய்ப் பார்சல் வந்தது. ஆட்ட இடைவேளையில் எல்லோருக்கும் கொடுத்தேன். குளிரில் அது கருங்கல்லாகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மூன்று வருடமாக முகத்தில் பக் அடி வாங்கியும் பல் விழாத ஜிக்மெத்துக்குக் கோயில்பட்டி கடலை மிட்டாயில் ஒரு பல் விழுந்தது. அந்த ஆத்திரத்திலோ என்னவோ அதன் பிறகு ஒரு கோல்கூட விடவில்லை. ஜெயித்துவிட்டோம்.

அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். மிட்டாயைத்தான்.

ஜனவரி 11

மறுபடி ஜெயித்தோம். உள்ளூர் ரேடியோக்காரர் வந்து, அணியின் வெற்றிக்கு உங்கள் வியூகம் என்ன என்று மைக்கை நீட்டினார். ஆட்டத்தின் விதிகள் இன்னும் பாதிதான் எனக்குத் தெரியும். எதிரணி கோல் போட்டால்கூட ஒரு தடவை கைதட்டியிருக்கிறேன். "பொறுமை" என்றேன். பத்மா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

ஜனவரி 15

பொங்கல். வீட்டில் இல்லாத பொங்கல் இதுதான் முதல் தடவை. மைதானத்து ஓரத்தில் அடுப்பு மூட்டினேன். இந்த உயரத்தில் பால் சீக்கிரமே பொங்கிவிடுகிறது. இருபது லடாக்காரர்கள் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். ஆனால் அரிசி வேகவில்லை. எவ்வளவு விறகு வைத்தும் அரிசி அரிசியாகவே இருந்தது. எல்லோரும் நறுக் நறுக்கென்று கடித்து, நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். தமிழர் உணவு இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

வீடியோவில் மது கேட்டாள், "எப்பப்பா வருவ?" பைனல் முடிந்ததும் வந்துவிடுவேன், இனி எங்கும் போகமாட்டேன் என்றேன். அவள் குதித்தாள். எனக்கு மட்டும் ஏனோ குதிக்கத் தோன்றவில்லை. அரைவேக்காட்டு அரிசி, வயிறு சரியில்லை.

ஜனவரி 20

புள்ளிப் பட்டியலில் இரண்டாவது இடம். அரையிறுதி நம் மைதானத்தில்.

சிமெண்ட்காரர் அனுப்பிய ஆள் இன்று பயிற்சியைப் பார்க்க வந்தான். சந்தையில் மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்ப்பது போல ஒவ்வொருவரையும் பார்த்தான். இரண்டு பேரை வைத்துக்கொள்ளலாம், மீதி வேண்டாம், பயிற்சியாளரும் வேண்டாம் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னான். கோல்கீப்பருக்கு வயதாகிவிட்டதாம். ஜிக்மெத்துக்கு முப்பத்தொன்று.

அவன் போனதும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன சொன்னார் என்று ஜிக்மெத் கேட்டார். பல் போன வாயோடு சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும் நல்லா ஆடறீங்கன்னு சொன்னான்."

பத்மா அதை லடாக்கியில் மொழிபெயர்த்தார். கைதட்டினார்கள். நான் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஜனவரி 21

யோசித்துப் பார்த்ததில் வழி ஒன்று இருக்கிறது. அரையிறுதியில் தோற்றுவிட்டால் பைனல் இல்லை. பைனல் இல்லையென்றால் சிமெண்ட்காரர் இல்லை. ஒப்பந்தப்படி முதலாளி இன்னும் நாலு வருடம் அணியை வைத்துக்கொண்டே தீர வேண்டும். இவர்கள் தப்பித்தார்கள். நான் கோயில்பட்டி போக முடியாது, அவ்வளவுதான். தோற்பதற்கு யாரும் பாடுபட வேண்டியதும் இல்லை. எதிரணி நம்மைவிட ஆள் பெரிசு.

எங்கள் ஊர்ச் செண்பகவல்லி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் எனக்கே தெளிவில்லை.

ஜனவரி 23

டிவிக்காரர்கள் அரையிறுதியைப் பகல் ஒரு மணிக்கு வைக்கச் சொல்கிறார்கள், வெளிச்சம் நன்றாக இருக்குமாம். நேரம் குறிப்பது உள்ளூர் அணி நிர்வாகியின் உரிமை. பத்மா விளக்கினார். ஒரு மணிக்கு வெயில் பட்டு ஐசின் மேல்தோல் இளகிவிடும், வேகம் போய்விடும், கனத்த ஆட்கள் இடித்துத் தள்ளியே ஜெயிப்பார்கள். காலை எட்டு மணிக்கு ஐஸ் இரும்பு, நம் ஆட்கள் பறப்பார்கள்.

"நீங்க சொல்றதுதான் தலைவரே" என்றார்.

ஆக, ஒரு மணி என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் சந்தேகம் வராது. டிவிக்காரர்கள் மேல் பழி போகும்.

டிவிக்காரர்களோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டு எட்டு மணி வாங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். அந்தத் தளத்தை ஒவ்வொரு தெளிப்பாகப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதை இளக விட்டு ஆடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஜனவரி 24

மூன்றுக்கு இரண்டு. ஜெயித்தோம். பைனல்.

நான் அமைதியாக உட்கார்ந்து பார்த்தேன். நாற்காலி மேல் ஏறி நின்றதாகவும், நடுவரைப் பார்த்து "ஏல, கண்ணு அவிஞ்சு போச்சா" என்று கத்தியதாகவும் பத்மா சொல்வது மிகை. இப்போது எனக்குச் சுத்தமாகக் குரல் இல்லை. முதலாளிக்கு மெசேஜில்தான் தெரிவித்தேன். 'சூப்பருங்க, சிமெண்ட்காரரோட வாரேன்' என்று பதில் வந்தது.

ஜனவரி 29

பைனலில் நாலுக்கு ஒன்று, தோற்றோம். முதலாளி மப்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், கடைசியில் மப்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஜிக்மெத் ஒரு பக்கைப் பல்லால் தடுக்காத குறையாகத் தடுத்தபோது, "அட என்ற சாமி!" என்று பக்கத்திலிருந்த சிமெண்ட்காரரின் தொடையில் ஓங்கி அடித்தார். பணக்காரத் தொடை, சத்தம் நன்றாகக் கேட்டது.

நாளை மதியம் பேச்சுவார்த்தை. பேசப்போவது நான்.

ஜனவரி 30

ஓட்டலில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். "நம்ம கோமதி பேசினாருன்னா பாலைவனத்துல பம்ப்பு விக்குமுங்க" என்று முதலாளி என்னை அறிமுகம் செய்தார். பொய்யில்லை. ஜெய்சல்மேரில் விற்றிருக்கிறேன்.

சிமெண்ட்காரர் கேட்டார், நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

பனித்தளம் வருடத்துக்கு எத்தனை மாதம் நிற்கும் என்றார். வெயிலைப் பொறுத்தது, இரண்டு மாதம் நின்றால் பாக்கியம் என்றேன். டிக்கெட் விற்பனை எப்படி என்றார். ஊர்க்காரர்கள் மேட்டில் நின்று இலவசமாகப் பார்க்கிறார்கள், வேலி போட்டால் வேலி மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றேன். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தால் என்றார். இந்த உயரத்தில் முதல் வாரம் மூச்சு வாங்கிக் கட்டிலில் கிடப்பார்கள், நானே கிடந்தேன், எழுந்தபின் நம் ஆட்கள் அளவுக்கு ஓட முடியாது என்றேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் வாங்குவீர்களா என்று கடைசியாகக் கேட்டார். விற்பனைக்காரன் வாழ்க்கையில் இதற்கு மேல் ஒரு பழம் நழுவிப் பாலில் விழாது.

"மாட்டேன் சார். இவங்கள வெச்சுக்கறதா இருந்தா மட்டும் வாங்குவேன்."

மேசைக்கு அடியில் முதலாளியின் கால் என் காலைத் தேடியது. கிடைக்கவில்லை, நான் மடக்கி வைத்திருந்தேன். சிமெண்ட்காரர் பழம் சாப்பிட்டார், கை துடைத்தார், மாலை விமானத்தைப் பிடிக்கப் போய்விட்டார்.

முதலாளி குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். பிறகு சொன்னார்.

"இத்தன வருசத்துல நீங்க ஒரு கஸ்டமரக் கை நழுவ விட்டு நான் பாத்ததில்லீங்க."

"தப்புதான் சார். மன்னிக்கணும்."

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க? தென்மண்டலத்த என்ற மச்சாம் பையனுக்குக் குடுத்தர்றேன். விக்காத சரக்கு விக்கப் போனவன் தலைல. மிச்சம் நாலு வருசத்தையும் நீங்களே இங்க இருந்து ஓட்டுங்க. அதுதான் உங்களுக்குத் தண்டன."

சொல்லிவிட்டு எழுந்தவர் வாசல் வரை போய்த் திரும்பினார். அந்தக் கோல்கீப்பருக்குப் பல் கட்டுவதற்கு ஆவதைக் கம்பெனிக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பத்மாவிடம் அதன் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். டிசம்பரிலிருந்து மறைத்ததையும் சேர்த்து. அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். என் தோளைப் பிடித்து ஒரு தடவை உலுக்கினார். தோள் வலிக்கிறது.

ஜனவரி 31

இன்று முழுவதும் செண்பகத்துக்குப் போன் செய்யாமல் இருக்க ஏழெட்டு வேலை கண்டுபிடித்தேன். மட்டைகளை எண்ணினேன். கம்பளிகளை மடித்தேன். பம்ப்புக்கு எண்ணெய் விட்டேன். அந்தப் பம்ப்பை நாங்கள் இனித் தொடப்போவதே இல்லை.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். எப்போது டிக்கெட் என்றாள். தென்மண்டலம் முதலாளி மச்சான் மகனுக்குப் போய்விட்டது, சிமெண்ட்காரர் வாங்கவில்லை, நான் இன்னும் நாலு வருடம் இங்கே இருக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். இந்த ஊரில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசுவது கஷ்டம்.

பின்னால் மது ஏதோ பாடம் ஒப்பிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை குதித்தாளே என்று நினைத்து நினைத்து அழுதேன்.

"நெசத்தச் சொல்லுங்க. விக்க முடியலையா, விக்க மனசு வரலையா?"

"மனசு வரல."

"அந்தப் பிள்ளைய எல்லாம் என்ன செய்வாவன்னு நெனச்சீயளாக்கும்?"

"ஆமா."



"கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஊருக்கு வராததுக்கு ஆயிரம் காரணம் சொல்லியிருக்கீய. டார்கெட்டுன்னீய, டீலருன்னீய, மார்ச்சு மாசக் கணக்குன்னீய. ஒரு நல்ல காரணம் சொல்லுதது இன்னைக்குத்தான்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இவளுக்கு ஏப்ரல்ல பரீட்ச முடியும். அங்கன பள்ளிக்கூடம் இருக்கான்னு கேட்டு வையுங்க. நாங்க வாரோம்."

பின்னால் பாடம் ஒப்பிப்பது நின்று, குதிக்கிற சத்தம் கேட்டது.

பிப்ரவரி 2

பள்ளிக்கூடம் இருக்கிறது. குளிர் விடுமுறை முடிந்து மார்ச்சில் திறப்பார்களாம். பத்மாவும் ஜிக்மெத்தும் டாக்ஸியில் என்னைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கச் சுற்றினார்கள். ஒன்று பிடித்தது. இரண்டு அறை, நல்ல அடுப்படி, ஜன்னலிலிருந்து மைதானம் தெரிகிறது. முன்பணம் கொடுத்துவிட்டேன்.

தெற்குப் பார்த்த வாசல். இங்கே அதைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள், அப்போதுதான் வீட்டுக்குள் வெயில் வருமாம். தெற்கு வாசல் என்றால் செண்பகம் படியேற மாட்டாள். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது.